எல்லா ‘டான்’களும் ஒரே டான் அல்ல: ‘சென்’ குடும்பப் பெயரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் டான் டொக் செங் மருத்துவமனையை அறியாத தமிழர் இருக்க மாட்டார். ஜாக்கி சானை நம் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். ஹாங்காங்கில் ஜோசப் ஜென் என்று ஒரு கர்தினால் இருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படைகளை மூன்று முறை விரட்டியடித்த வியட்நாமிய அரச குலத்தின் பெயர் டிரான். டான், சான், ஜென், டிரான் எல்லாம் சீன எழுத்தில் எழுதினால் ஒரே எழுத்து. பெய்ஜிங் மொழியில் அதை ‘சென்’ என்று படிப்பார்கள், ‘ச்சென்’ என்று கொஞ்சம் அழுத்தி. சீனாவில் மட்டும் 5 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது குடும்பப் பெயர். தைவானிலும் சிங்கப்பூர்ச் சீனரிடையேயும் இதுதான் முதலிடம்.

இந்தப் பெயரைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் சில பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன: பெயரைக் காதால் கேட்டு முடிவு செய்வது.

ஷாங்காய்க்காரர் ‘ஜென்’ என்றும், ஹாங்காங்கின் கான்டனீஸ் பேசுபவர் ‘சான்’ என்றும், ஹொக்கியன், தியோசியூ மக்கள் ‘டான்’ என்றும், சரவாக்கில் வாழும் ஃபூச்சோ மக்கள் ‘டிங்’ என்றும் சொல்வது ஒரே எழுத்தைத்தான். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இசையமைப்பாளர் டான் டுன், அமெரிக்க எழுத்தாளர் ஏமி டான் ஆகிய இருவரும் டான் டொக் செங்கின் குடும்பப் பெயரைக் கொண்டவர்கள் அல்லர். அவர்களுடையது முற்றிலும் வேறு எழுத்து, வேறு வரலாறு. டிங் என்ற பெயரிலும் இதே சிக்கல் வரும். ஆகவே ஒலியை நம்பாமல் ‘எந்த எழுத்து?’ என்று கேளுங்கள். சீனர்களே ஒருவரையொருவர் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள். சென் குடும்பத்தார் ‘காது, கிழக்கு, சென்’ என்று பதில் சொல்வார்கள். எழுத்தின் இடப்பாதி பார்க்கக் காது போலவும், வலப்பாதி ‘கிழக்கு’ என்ற சொல்லாகவும் இருக்கும். அது அடையாளம் சொல்லும் வழி மட்டுமே. பெயருக்கு ‘கிழக்கே சாய்ந்த காது’ என்று பொருள் கட்டிவிடாதீர்கள். அந்தக் காது உண்மையில் மண்மேட்டைக் குறிக்கும் பழைய உறுப்பு.

அடுத்த தவறு எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது. ‘சென்’தான் சரியான பெயர், ‘டான்’ என்பது ஆங்கிலேயர் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஒலியில் பழமையைக் காத்தது டான்தான்.

இதற்கு ஒரு கதையே சான்று. கி.மு. 672இல் சென் என்ற சிறு நாட்டின் இளவரசர் சென் வான், உள்நாட்டுக் கொலைகளுக்குப் பயந்து கிழக்கே சீ என்ற நாட்டுக்குத் தப்பிப் போனார். அடைக்கலம் புகுந்த இடத்தில் அவர் சந்ததி தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, கடைசியில் அரியணையையே பிடித்தது. கி.மு. 386இல் இந்த நாடுகளுக்கெல்லாம் பேரரசராக இருந்த சோவ் மன்னரே அவர்களை ஆட்சியாளர்களாக ஏற்றுக்கொண்டார். ஆனால் வரலாற்றாசிரியர் சிமா சியான் இந்தக் குடும்பத்தை ‘தியன்’ என்று எழுதுகிறார். சென் எப்படித் தியன் ஆனது? 18ஆம் நூற்றாண்டு அறிஞர் சியான் தாசின் விடை சொன்னார்: பழங்காலத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தன. இன்று வடக்கே ‘ச்ச’ என்று கேட்கும் பல சொற்களில் அன்று இருந்தது ‘ட’, ‘த’ போலப் பல்லை ஒட்டிய ஒலி. வடக்கில் அது மாறிவிட்டது. தெற்கே ஹொக்கியன் மக்களின் தாயகமான ஃபூஜியன் மாநிலத்து மலைகளுக்கு நடுவில் மாறாமல் நின்றது. அங்கிருந்து கப்பலேறியவர்களோடு பினாங்குக்கும் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது.

சரி, அந்தச் சென் நாடு எங்கே? இன்றைய ஹெனான் மாநிலத்து ஹுவாய்யாங் பகுதியில். கி.மு. 11ஆம் நூற்றாண்டில் ஷாங் அரசை வீழ்த்திய சோவ் மன்னர் வூ, புராண அரசர் ஷுன்னின் வழிவந்தவராகக் கருதப்பட்ட மான் என்பவரைத் தேடிப்பிடித்து அந்த நிலத்தைக் கொடுத்தார். கன்ஃபூசியஸ் தம் அலைச்சல் காலத்தில் தங்கிய ஊர்களில் இதுவும் ஒன்று. கி.மு. 478இல் சூ நாடு இதை விழுங்கியது. நாட்டை இழந்தவர்கள் நாட்டின் பெயரைத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். மானின் குலப்பெயர் சென் அல்ல, ‘குய்’. அந்தக் காலத்தில் குலப்பெயர் வேறு, கிளைப்பெயர் வேறு. இரண்டும் கலந்து ஒன்றானது ஹான் பேரரசின் காலத்தை ஒட்டித்தான். ஆகவே ‘முதல் சென் மான்’ என்று எழுதுவது வழிபாட்டு மரபாகச் சரி, வரலாறாகச் சரியில்லை.

எல்லாச் சென்களும் மானின் ரத்தம் என்பதும் அப்படித்தான். கி.பி. 496இல் வட வெய் பேரரசர் சியாவ்வென், புல்வெளியிலிருந்து வந்த சியன்பெய் மக்களின் நீண்ட பெயர்களைச் சீனப் பெயர்களாகச் சுருக்கினார். அப்போது ஹோவ்மோசென் என்ற புல்வெளிக் குடும்பம் ‘சென்’ ஆனது. நம் காலத்து உதாரணம் ஜாக்கி சான். அவர் தந்தையின் பூர்வீகக் குடும்பப் பெயர் ஃபாங். தப்பி ஓட வேண்டிய காலத்தில் சான் என்று மாற்றிக்கொண்டார். ஜாக்கியின் மகன் தன் சீனப் பெயரை ஃபாங் என்றே எழுதுகிறார். டிரான் என்று பெயர் வைத்த வியட்நாமியரைச் சீனர் என்று எழுதுவதும் பிழை. 1225 முதல் 1400 வரை ஆண்ட அரச குலத்தின் முன்னோர் ஃபூஜியனிலிருந்து வந்தவர்கள் என்பார்கள். ஆனால் இன்று அந்தப் பெயரைச் சுமக்கும் மக்கள் வியட்நாமியர்கள்.

பூர்வீகம் தேடுபவர்களுக்கு அதிக நாளை வீணாக்கும் தவறு கல்லறையில் இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் டான் குடும்பக் கல்லறைகளிலும் வாசல் பலகைகளிலும் ‘யிங்சுவான்’ என்று பொறித்திருக்கும். அதைச் சொந்த ஊர் என்று நினைத்து ஹெனானில் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். அது குடும்பத்தின் பெருமைப் பட்டம், அவ்வளவுதான். ஹான் காலத்தில் யிங்சுவானில் வாழ்ந்த சென் ஷி என்ற நேர்மையாளரால் வந்தது. ஒரு பஞ்ச காலத்தில் இரவு திருடன் ஒருவன் அவர் வீட்டு உத்தரத்தில் ஏறி ஒளிந்திருந்தான். சென் ஷி கூச்சல் போடவில்லை. மகன்களையும் பேரன்களையும் எழுப்பி, ‘கெட்டவர்கள் பிறவியிலேயே கெட்டவர்கள் அல்லர். பழக்கம் அப்படி ஆக்கிவிடுகிறது, அதோ உத்தரத்தின் மேல் இருக்கும் கனவானைப் போல’ என்றார். திருடன் இறங்கி வந்து மண்டியிட்டான். அவனுக்கு இரண்டு சுருள் பட்டுத்துணி கொடுத்து அனுப்பினார். இன்றும் சீனத்தில் திருடனுக்கு ‘உத்தரத்து மேல் கனவான்’ என்று ஒரு பெயர் உண்டு. இப்படிப்பட்டவரைத் தம் முன்னோர் என்று சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் ஆசை வரத்தானே செய்யும்? 557இல் சென் அரச வம்சத்தை நிறுவிய சென் பாசியனும் அவர் வழி என்றே சொல்லிக்கொண்டார். ஜொங், லாய் குடும்பங்களும் யிங்சுவான் பட்டத்தைப் போட்டுக்கொள்வதுண்டு. பல பழைய கல்லறைகளில் சொந்த மாவட்டத்தின் பெயர் தனியே பொறித்திருக்கும். தேட வேண்டியது அதை.

குலவரலாற்று ஏட்டையும் கவனமாகப் படியுங்கள். ஃபூஜியன் குடும்ப ஏடுகளில் பாதிக்குப் பாதி ‘ஹெனானின் குஷியிலிருந்து வந்தோம்’ என்றே தொடங்குவது போலத் தோன்றும். 12ஆம் நூற்றாண்டிலேயே ஜெங் சியாவ் என்ற ஃபூஜியன் அறிஞர் இதைச் சந்தேகித்தார். 10ஆம் நூற்றாண்டில் ஃபூஜியனை ஆண்ட வாங் ஷென்ஜி குஷிக்காரர், தம் ஊராருக்குச் சலுகை தந்தார், அதனால் எல்லோரும் குஷிக்காரர்கள் ஆனார்கள் என்றார். ஏட்டில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு தலைமுறைகளை நம்பலாம். அதற்கு மேல் போகப் போக வேறு சான்று கேளுங்கள்.

இந்தோனேசியாவில் தேடுபவர் ‘டான்’ என்று மட்டும் தேடினால் பாதிப் பேரைத் தவறவிடுவார். 1966க்குப் பிறகு அரசின் அழுத்தத்தில் சீனர்கள் பெயர் மாற்றினார்கள். டான்கள் தானோதோ, தனுவிஜயா, சுதாந்தோ என்று ஆனார்கள். உள்ளே ‘தான்’ என்ற ஒலியை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம், முன்னெழுத்துப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கே உரிய ஒரு தவறு. டான் டொக் செங்கைச் ‘செங்’ என்று சுருக்கக் கூடாது. குடும்பப் பெயர் முன்னால் நிற்கும் டான். அவர் மகன் டான் கிம் சிங். மலாக்கா டான்களோடு சேர்ந்து அவர் 1870களில் சிங்கப்பூர் மேகசின் ரோட்டில் டான் குலக் கோயிலைக் கட்டினார். அங்கே மூலவர் சென் யுவான்குவாங், 686இல் ஃபூஜியனின் ஜாங்ஜோவ் மாவட்டத்தை உருவாக்கிய தாங் காலத் தளபதி. தாங் வம்சத்தின் அரசு வரலாறுகள் இரண்டிலும் அவருக்குத் தனி வாழ்க்கைக் குறிப்பு இல்லை. ஜாங்ஜோவ் மக்கள்தான் அவரைத் தெய்வமாக நினைவில் வைத்து, கடல் கடந்தும் கொண்டுவந்தார்கள்.