டைட்டானியத்தின் நீலம் கறை அல்ல

போன வாரம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி, ஒரு காரின் டைட்டானியம் சைலன்சர் முனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அண்ணா, இந்த நீலக் கறை மட்டும் போகவே மாட்டேங்குது, கொஞ்சம் பாலிஷ் போடட்டுமா?" நல்லவேளை, கேட்டான். பதினோரு வருடங்களுக்கு முன்னால் நான் யாரிடமும் கேட்கவில்லை.

சூடான குழாயைத் தொடாதே, கையுறை போடு என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை கை சுட்டால் தானாக வந்துவிடும் அறிவு அது. டைட்டானியத்தைத் துடைக்கும்போதும் தேய்க்கும்போதும் பலர் செய்யும் தவறுகள்தான் கீழே.

நீலத்தைத் தேய்த்து எடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். டைட்டானியத்தின் மேல் தெரியும் பொன்மஞ்சள், ஊதா, நீலம் எதுவும் பெயின்ட் அல்ல, அழுக்கும் அல்ல. உலோகம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேலே ஒரு தெளிவான ஆக்ஸைடு படலத்தை வளர்த்துக்கொள்கிறது. சூடு ஏற ஏறப் படலம் தடிக்கும். மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிவரை போய்த் திரும்பும் ஒளியும் கலக்கும்போது நிறம் பிறக்கிறது. மழை பெய்த தார் ரோட்டில் சிந்திய டீசல் வானவில் காட்டுமே, அதே கதை. முதலில் மஞ்சள், இன்னும் தடித்தால் ஊதா, அப்புறம் நீலம். மின்சாரம் பாய்ச்சி நிறமேற்றிய போல்ட்டுகளிலும் இருப்பது இதே படலம்தான். அங்கே நிறத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ்: 30 வோல்ட் பக்கம் நீலம், 60 வோல்ட் பக்கம் பொன்னிறம்.

அந்த நீலப் படலத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டர். ஒரு தலைமுடியை ஆயிரம் ஏடாகச் சீவ முடிந்தால், அதில் ஓர் ஏட்டைவிட மெல்லியது. மெட்டல் பாலிஷில் இருக்கும் தேய்ப்புத் துகளோ அதைவிடப் பல மடங்கு பெரியது. பிறகு என்ன மிஞ்சும்?

எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. பனியன் வேஸ்ட்டில் பாலிஷைத் தொட்டு ஐந்து நிமிடம் தேய்த்தேன், முனை வெள்ளி மாதிரி மின்னியது. வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "நீலம் எங்கே?" அவர் காசு கொடுத்து வாங்கியதே அந்த நீலத்துக்காகத்தான். சரி, சூட்டில் வந்த நிறம்தானே, சூடு காட்டினால் திரும்பிவிடும் என்று கேஸ் வெல்டிங் டார்ச்சை எடுத்தேன். அது இரண்டாவது முட்டாள்தனம். டைட்டானியம் சூட்டைச் சரியாகக் கடத்தாது. அலுமினியம் பத்து மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். அதனால் சுடர் பட்ட இடம் நீலத்தைத் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது, ஓர் அங்குலம் தள்ளி வெறும் மஞ்சள். மறுபடி தேய்த்தேன், மறுபடி சுட்டேன். கடைசியில் என் கைக்காசில் புது முனை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாத வருமானம் அதோடு போனது.

"ஓட்ட ஓட்ட நிறம் தானாக வந்துவிடும்" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். எஞ்சினுக்குப் பக்கத்துக் குழாயில் வரும். கடைசி முனை பொதுவாக அவ்வளவு சூடாகாது. அங்கே தெரியும் நீலம் பெரும்பாலும் தயாரித்த இடத்திலேயே ஏற்றியது. போனால் போனதுதான்.

நிறம் மங்கித் தெரிந்தால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கைச் சந்தேகப்படுங்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சுகூட அந்த ஒளிக் கணக்கைக் குழப்பி, நீலத்தைப் பழுப்பாகக் காட்டும். கார் ஷாம்பூவில் கழுவிக் காயவிட்டு, மெத்தென்ற துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பல வண்டிகளில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

வாட்டர் சர்வீஸ் ஆசிட்

வீல் பளபளக்க அடிக்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அமோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். கடல் நீரையே பொருட்படுத்தாத டைட்டானியம் இந்த இரண்டுக்கும் பணிந்துவிடும். நிறமேற்றுபவர்கள் பழைய நிறத்தைக் கழற்றப் பயன்படுத்துவதே இந்த வகைதான். போல்ட் போகட்டும், கையில் பட்டால் சில சமயம் உடனே எரியாது, உள்ளே இறங்கியபின்தான் வலிக்கும். லேபிள் இல்லாத கேன் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நார்

வேண்டாம். டைட்டானியம் துருப்பிடிக்காது, அதில் பதிந்த இரும்புத் துகள் துருப்பிடிக்கும்.

மேட் (பளபளப்பில்லாத) பரப்பில் பாலிஷ்

பளபளத்த இடம் பளபளத்ததுதான்.

விரல் ரேகை

புது சைலன்சரை மாட்டி முடித்த சந்தோஷத்தில் உடனே ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். கையின் எண்ணெயும் வியர்வை உப்பும் சூட்டில் சுட்டுப் பதிந்துவிடும். அப்புறம் மாட்டியவரின் ஐந்து விரலையும் குழாயில் எண்ணிப் பார்க்கலாம். மாட்டியதும் ஆல்கஹாலில் ஒரு துடை, பிறகு சாவி.

காந்தம் வைத்துப் பார்ப்பது

காந்தம் ஒட்டவில்லை, ஆகவே டைட்டானியம் என்பார்கள். சைலன்சர் முனைக்குப் போடும் பல ஸ்டெயின்லெஸ் வகைகளிலும் காந்தம் ஒட்டாது. கையில் தூக்கிப் பாருங்கள், அதே அளவு ஸ்டெயின்லெஸ்ஸில் டைட்டானியத்தின் எடை பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

பஃபிங் தூள்

நிறமில்லாத, பளபளப்பாகவே செய்த பாகத்தை பஃபிங் வீலில், அதாவது சுழன்று மெருகேற்றும் சக்கரத்தில், ஏற்றலாம். ஆனால் அழுத்திப் பிடிக்காதீர்கள். சூடு பரவாமல் ஒரே இடத்தில் தங்கி மஞ்சளாக்கிவிடும். நுண்ணிய டைட்டானியத் தூள் தீப்பற்றும். இரும்பு தேய்த்த அதே மெஷினில் தேய்த்தால் பொறியும் தூளும் ஒரே இடத்தில். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது, தீ இன்னும் மூர்க்கமாகும். காய்ந்த மணல்தான் போட வேண்டும். எங்கள் மெஷின் பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கிறது. தம்பிகள் அதில் டீ கப்பைப் போடுவதை நிறுத்தத்தான் இன்னும் வழி தெரியவில்லை.