எந்த சந்திரசேகர்? பெயர்ப் பட்டியல் தொகுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே பெயர் கொண்ட அறிவியலாளர்கள், மருத்துவர்கள், கல்வியாளர்களைத் தொகுக்கும் வேலை பள்ளிக் கண்காட்சிக்கும் வினாடி வினாவுக்கும் அடிக்கடி வந்துவிடுகிறது. எழுத்துப்பிழையை யாராவது திருத்திவிடுவார்கள். ஆளையே மாற்றிவிடும் பிழைகள்தான் வருடக்கணக்கில் நின்றுவிடுகின்றன.

'முதல் பெயர்' கட்டம்

ஆங்கிலப் படிவத்தைப் பார்த்து, முதலில் நிற்கும் சொல்லை ஆளின் பெயராகப் பதிந்துவிடுகிறார்கள். சந்திரசேகர வெங்கட ராமன் என்பதில் 'சந்திரசேகர' சி.வி. ராமனின் அப்பா பெயர். ராமனை சந்திரசேகர்கள் வரிசையில் சேர்த்தால், மகனைத் தகப்பன் பெயரில் பதிந்ததாகிவிடும்.

எஸ். சந்திரசேகர் ஒருவர் அல்ல

வெவ்வேறு எஸ். சந்திரசேகர்களை ஒரே ஆளாகப் பதிந்துவிடுவதைத்தான் பொறுக்க முடிவதில்லை. ஒருவருடைய உழைப்பு முழுவதும் இன்னொருவர் கணக்கில் போய்விடுகிறது.

முதலாமவர் சுப்ரமணியன் சந்திரசேகர் (1910–1995). லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். வெண்குறு விண்மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்) நிறை சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் போக முடியாது என்று காட்டினார்; இதுதான் 'சந்திரசேகர் வரம்பு'. 1983-இல் வில்லியம் ஃபவ்லரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டாமவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் (1930–2004). திரவப் படிக (திரவம் போல ஓடினாலும் படிகம் போல ஒழுங்கு கொண்ட பொருள்) ஆய்வாளர். வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாக அமையும் என்பதை 1977-இல் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் தம் குழுவோடு கண்டறிந்தவர்.

இருவரும் ராமனின் உறவினர்கள். ஆங்கிலக் குறிப்புகள் இருவரையும் 'நெஃப்யூ' என்ற ஒரே உறவுச்சொல்லில் அடக்கிவிடுவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. தமிழில் அந்தச் சிக்கலே இல்லை: முதலாமவருக்கு ராமன் சித்தப்பா, இரண்டாமவருக்குத் தாய்மாமன். ஒருவருக்கு அப்பாவழித் தாத்தா, மற்றவருக்கு அம்மாவழித் தாத்தா; இரண்டும் ராமனின் அப்பா சந்திரசேகர ஐயர்தான். பெயரும் ஒன்று, 'எஸ்.' என்ற முன்னெழுத்தும் ஒன்று. இருவருமே லண்டன் ராயல் சொசைட்டியின் ராயல் பதக்கம் பெற்றவர்கள் (1962, 1994). இவ்வளவு பொருத்தம் இருந்தால், பெயரை மட்டும் பார்த்துப் பதக்கத்தைச் சேர்க்கிறவர் தவறாமல் இருப்பது கடினம்.

மூன்றாமவரைப் பலர் மறந்தே போகிறார்கள்: ஸ்ரீபதி சந்திரசேகர் (1918–2001), ராஜமுந்திரியில் பிறந்த மக்கள்தொகை ஆய்வாளர். மத்திய சுகாதாரத் துறை அமைச்சராகவும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார்.

தீர்வு நம் எழுத்திலேயே இருக்கிறது. முன்னெழுத்தைத் தமிழில் எழுதுங்கள்: சு. சந்திரசேகர், சி. சந்திரசேகர், ஸ்ரீ. சந்திரசேகர். ஆங்கில 'எஸ்.' ஒன்றாக்கிய மூவரும் உடனே பிரிந்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் நான்கு விவரம் குறியுங்கள்: விரித்த முன்னெழுத்து, பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும், வேலை பார்த்த ஊர், துறை. நான்கும் நிரம்பிய பிறகே விருதைச் சேர்க்க வேண்டும். விருதிலிருந்து தொடங்கினால் பிழை நிச்சயம்.

பெயர் கொண்ட வரம்பு

'சந்திரசேகர் வரம்பு' என்றால் விண்மீன் என்று முடிவு கட்டாதீர்கள். மீகடத்திகளில் (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்கள்) சந்திரசேகர்–கிளாக்ஸ்டன் வரம்பு என்று ஒன்று உண்டு. காந்தப்புலம் அந்த அளவைத் தாண்டினால் மீகடத்தும் தன்மை போய்விடும். 1962-இல் வந்த அந்தக் கருத்து பி.எஸ். சந்திரசேகர் என்ற நான்காமவருடையது.

டாக்டர்

சுகாதார அமைச்சர், டாக்டர் பட்டம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஸ்ரீபதி சந்திரசேகரை மருத்துவர் பக்கத்தில் வைக்கிறார்கள். அவருடையது முனைவர் பட்டம். ராமச்சந்திரன்களிடம் இதே பிழை வேறு மாதிரி வருகிறது: நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழை அமைப்பைச் சொன்ன ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியலாளர்.

ராமானுஜன், ராமானுஜம்

கடைசி எழுத்தைப் பாருங்கள். சீனிவாச ராமானுஜன் (1887–1920) எண் கோட்பாட்டாளர். சி.பி. ராமானுஜம் (1938–1974) இயற்கணித வடிவியலில் பேர் பெற்றவர். இரண்டாமவர் பெயரிலுள்ள தேற்றத்தை முதலாமவருக்கு எழுதிவைப்பது, 36 வயதில் மறைந்த ஒருவரிடம் எஞ்சியிருப்பதையும் பறிப்பது.

படம்

பெயரை மட்டும் தட்டித் தேடி எடுத்த படத்தை ஒட்டாதீர்கள்.