வரையாடும் ஆவுளியாவும்: நெருங்கிய உறவில்லாத இரு உயிரினங்களை ஒப்பிடுவது எப்படி?

முதலில் வகைப்பாடு. உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என ஏழு படிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரு விலங்குகளையும் நிரப்புங்கள். வரையாடும் ஆவுளியா எனும் கடற்பசுவும் பாலூட்டிகள் என்ற வகுப்பு வரை ஒன்றாகவே வரும். வரிசையில் பிரிந்துவிடும். வரையாடு ஆர்ட்டியோடாக்டைலா வரிசை, போவிடே குடும்பம். ஆவுளியா சைரீனியா வரிசை, டுகாங்கிடே குடும்பம். பிரியும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். குட்டிக்குப் பால் கொடுப்பது இரண்டுக்கும் பொது மூதாதை வழி வந்தது. புல் மேய்வது அப்படியல்ல, தனித்தனியே வந்தது. வரையாட்டுக்குச் செம்மறியாடு நெருக்கம்; ஆவுளியாவுக்கோ யானை!

பழைய நூல்களில் வரையாடு ஹெமிட்ராகஸ் பேரினத்தில் இருக்கும். 2005-இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு அது நீல்கிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ். ஆவுளியாவின் அறிவியல் பெயர் டுகாங் டுகான்.

வாழிடத்துக்கு “மலை”, “கடல்” என்று எழுதினால் போதாது. எங்கே, எந்த உயரம் அல்லது ஆழம், என்ன உணவு, எதனால் சுருங்குகிறது என்ற அதே நான்கு கேள்விகளை இரண்டிடமும் கேளுங்கள். வரையாடு தமிழக, கேரள மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே உண்டு. சுமார் 1,200 முதல் 2,600 மீட்டர் வரை, பாறைச் சரிவை ஒட்டிய புல்வெளிகளில் மேயும். அந்தப் புல்வெளியைச் சீகை மரமும் தைலமரமும் விழுங்கின. ஆவுளியா கிழக்கு ஆப்பிரிக்கா முதல் மேற்குப் பசிபிக் வரை, கடற்புல் வளரும் ஆழமற்ற கரையோரங்களில் வாழும்; இந்தியாவில் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார். இழுவலை கடற்புல்லைச் சிதைக்கிறது. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய விலங்கு என்பதால், வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும்.

பாதுகாப்பு நிலையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலும் இந்தியச் சட்டமும் வேறு வேறு, தனித்தனியே எழுதுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டுமே மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணை. சிவப்புப் பட்டியலில் வரையாடு அருகிய இனம், ஆவுளியா அதற்கு ஒரு படி குறைந்த அழிவாய்ப்பு இனம். இதை வைத்து ஆவுளியா நம் கடலில் பரவாயில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அது உலகளாவிய மதிப்பீடு. ஆஸ்திரேலியக் கடலின் பெருங்கூட்டமும் அதில் அடக்கம். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்தில் அதே ஆவுளியா மிக அருகிய நிலையில் இருப்பதாக 2022-இல் தனியே மதிப்பிட்டார்கள். அதே ஆண்டில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பை ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆகவே நிலையை எழுதும்போது, எந்தப் பகுதிக்கு, எந்த ஆண்டு மதிப்பீடு என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.