மேட்சுக்கு ஒரு கிளாக்: பெல்ட்டில் தொடங்குங்கள், டிரிகரைக் கடைசியில் தொடுங்கள்

பிராக்டிகல் ஷூட்டிங் (நேரத்தோடு போட்டியிட்டுத் துப்பாக்கி சுடும் விளையாட்டு) பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது அநேகமாக இதைத்தான்: "எந்த டிரிகர் வாங்கலாம்?" பணத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். இப்போதைக்கு எதுவும் வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

இந்தப் பதிவு அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு, அதிலும் கையில் ஏற்கெனவே ஒரு 9 எம்எம் கிளாக் 17 அல்லது 34 கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு. (இந்தியாவில் 9 எம்எம் தடைசெய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்சில் கிடைக்காது.) நம்மவர்கள் பலர் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கிறார்கள். அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நண்பருடையதை ரேஞ்சில் வாங்கிச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரக்கூடும் என்பதால், முதலில் ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கணக்கு

இந்த விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஎஸ்சி 1976-இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் உருவானது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். அதன் அமெரிக்கக் கிளைதான் யுஎஸ்பிஎஸ்ஏ. உங்கள் ஊர் ரேஞ்சில் வார இறுதியில் நடக்கும் மேட்சுகள் பெரும்பாலும் இதன் விதிப்படிதான் நடக்கும். துல்லியம், விசை, வேகம் மூன்றையும் ஒன்றாக எடைபோடுவதுதான் இந்த விளையாட்டு. எடைபோடும் விதம் எளிமையானது. பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர்.

அட்டை இலக்கின் நடுவில் இருக்கும் ஏ பகுதியில் பட்டால் 5 புள்ளி. 9 எம்எம் சாதாரணமாகச் சுடப்படும் 'மைனர்' (விசை குறைந்த தோட்டா) கணக்கில் சி பகுதிக்கு 3, டி பகுதிக்கு 1. இலக்கில் படவே இல்லை என்றால் அந்த 5 புள்ளியும் போய், மேலே 10 அபராதமும் விழும்.

பன்னிரண்டு அட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டு என்று ஒரு ஸ்டேஜ் (மேட்சின் ஒரு சுற்று). எல்லாம் ஏ-யில் பட்டால் 120 புள்ளி. 15 நொடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர் 8. இப்போது மூன்று குண்டுகள் சி-க்கு நழுவின என்று வையுங்கள்: 114 புள்ளி, 7.6. ஒரு குண்டு இலக்கையே தவறவிட்டது: 105 புள்ளி, 7.0. எல்லாம் ஏ-யில்தான் பட்டது, ஆனால் நடுவில் துப்பாக்கி சிக்கிக்கொண்டது, அதைச் சரிசெய்ய 3 நொடி போனது: 120-ஐ 18-ஆல் வகுத்தால் 6.67.

ஒரு சிக்கல், ஒரு தவறவிட்ட குண்டைவிட விலை அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள். துப்பாக்கியில் செய்யும் எந்த மாற்றமும் அரை நொடி மிச்சப்படுத்தி, மாதம் ஒருமுறை சிக்க வைக்கிறது என்றால் அது நஷ்ட வியாபாரம்.

படி 1: எந்தப் பிரிவு என்று முடிவுசெய்யுங்கள்

ஸ்லைடில் (பின்னும் முன்னும் நகரும் மேல்பாகம்) ரெட் டாட் (கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி) பொருத்திய கிளாக்குக்கு இயல்பான இடம் 'கேரி ஆப்டிக்ஸ்'. இந்தப் பிரிவில் எல்லாருக்கும் மைனர் கணக்குதான். மேகசினின் (தோட்டா நிரப்பும் பெட்டி) நீளம் 141.25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. காலி மேகசினுடன் துப்பாக்கியின் எடைக்கு 59 அவுன்ஸ் உச்சவரம்பு. கிளாக் அதற்கு வெகு கீழேதான் நிற்கும். பிடியின் அடியில் வாய் அகன்ற மேக்வெல் மாட்டக் கூடாது, கட்டைவிரல் தாங்கிக்கும் அனுமதி இல்லை. மேக்வெல் ஆசை விடவில்லை என்றால் 'லிமிடெட் ஆப்டிக்ஸ்' பிரிவுக்குப் போகலாம். ஆனால் அங்கே டிரிகர் லேசாக இருக்கும் சிங்கிள் ஆக்‌ஷன் '2011' ரகத் (இது மாடல் பெயர், ஆண்டு அல்ல) துப்பாக்கிகளோடு மோத வேண்டியிருக்கும்.

விதிப்புத்தகம் அவ்வப்போது திருத்தப்படும். எதை வாங்குவதற்கு முன்னும் யுஎஸ்பிஎஸ்ஏ தளத்தில் இருக்கும் புதிய பதிப்பின் பிரிவு அட்டவணையைத் திறந்து பாருங்கள். கடைக்காரர் 'மேட்ச் லீகல்' என்று சொன்னால் அதை நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 2: பெல்ட், ஹோல்ஸ்டர், மேகசின் உறைகள்

துப்பாக்கியில் கைவைக்கும் முன் இடுப்பைக் கவனியுங்கள். இரண்டு அடுக்கு பெல்ட் வேண்டும். உள்பட்டை பேண்ட்டின் லூப்புகளுக்குள் போகும், விறைப்பான வெளிப்பட்டை வெல்க்ரோவில் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) கைடெக்ஸ் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கில் செய்ததாகவும், டிரிகரை முழுவதும் மூடுவதாகவும், நீங்கள் வைக்கப்போகும் ரெட் டாட்டுக்கு இடம் விட்டதாகவும் இருக்கட்டும். இடுப்பில் மேகசின் உறைகள் நான்கு. துணியில் செய்த ராணுவ பாணி உறைகள் பார்க்க நன்றாக இருக்கும், எடுக்க நேரமாகும்.

மேகசின் மாற்றுவதிலும் துப்பாக்கியை உருவுவதிலும் ஆரம்ப நிலை ஆட்கள் இழக்கும் நேரத்தை எந்த டிரிகரும் திருப்பித் தராது. பெல்ட் சரியாக அமைந்த பிறகு வீட்டில் காலித் துப்பாக்கியோடு தினம் பத்து நிமிடம் உருவிப் பழகுங்கள்.

படி 3: மேகசின்

கிளாக் 17 மேகசினில் 17 தோட்டா. அடித்தட்டைக் கழற்றிவிட்டு நீட்டிப்புத் தட்டு மாட்டினால், நீள வரம்புக்குள்ளேயே 22, 23 வரை ஏற்றலாம். இருபத்துநான்கு குண்டு ஸ்டேஜில் எங்கே மேகசின் மாற்றுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் இதன் பயன். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி மாநிலங்களில் 10 தோட்டா வரம்பு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள்.

நீட்டிப்புத் தட்டோடு அதற்கென்று வரும் வலுவான ஸ்பிரிங்கையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய ஸ்பிரிங் கடைசி இரண்டு மூன்று தோட்டாவைச் சோம்பலாகத்தான் தூக்கும், அங்கேதான் சிக்கும். மேகசின்களுக்கு எண் போட்டு வையுங்கள். சிக்கல் வரும்போது எந்த எண்ணில் வந்தது என்று தெரிந்தால், குற்றவாளி துப்பாக்கியா மேகசினா என்ற விவாதமே வராது. பயிற்சிக்கு ஒரு செட், மேட்சுக்கு ஒரு செட் என்று பிரித்து வைப்பது இன்னும் நல்லது.

படி 4: ரெட் டாட் பொருத்துவது

செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், நிதானமாகச் செய்ய வேண்டிய வேலையும் இதுதான்.

வேலைக்கு முன் ஒரு சடங்கு உண்டு, ஒருநாளும் தவறக் கூடாது. தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு ஸ்லைடை இழுத்துப் பூட்டுங்கள். தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். வரிசை மாறக் கூடாது. கிளாக்கைப் பிரிக்க டிரிகரை அழுத்தியாக வேண்டும் என்பதால் மற்ற துப்பாக்கிகளைவிட இதில் இந்தச் சோதனை முக்கியம். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து அழுத்துங்கள்.

உங்களுடையது எம்ஓஎஸ் ரகமாக (டாட் பொருத்த ஸ்லைடில் இடம் வெட்டியே வருவது) இருந்தால், ஸ்லைடின் மேல் மூடியைக் கழற்றி, அதில் ஒரு தட்டு வைத்து, தட்டின்மேல் டாட்டை உட்காரவைக்க வேண்டும். டிரிஜிகான் ஆர்எம்ஆர், எஸ்ஆர்ஓ, ஹோலோசன் 507சி மூன்றுக்கும் கிளாக்கின் 02 எண் தட்டு. எம்ஓஎஸ் இல்லாத ஸ்லைடு என்றால் மெஷின் ஷாப்பில் கொடுத்து வெட்ட வேண்டும். வீட்டில் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

திருகுகள், துளைகள், தட்டின் இரு பக்கம் எல்லாவற்றையும் ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்யுங்கள். பிறகு திருகுமரையில் ஒரு சொட்டு நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை). சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் (torque) ஸ்குரூடிரைவர் கொண்டு, டாட் தயாரிப்பாளர் கையேட்டில் கொடுத்த அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். கை உணர்ச்சியை நம்பி முறுக்கினால் ஒன்று திருகு உடையும், இல்லையென்றால் நூறு குண்டில் தளரும்.

வலப்பக்கத் திருகில் ஒரு கண் வையுங்கள். கிளாக் ஸ்லைடில் எக்ஸ்ட்ராக்டருக்கான (சுட்ட ஓட்டை இழுத்து எடுக்கும் கொக்கி) சிறு கம்பி போகும் குழி அந்தத் துளைக்குக் கீழேதான் இருக்கிறது. திருகு கொஞ்சம் நீளமாக இருந்தாலும், லாக்டைட் அதிகமாக வழிந்தாலும் அந்தக் கம்பி இறுகிவிடும். சுட்ட ஓடுகள் சரியாக வெளியேறாமல் சிக்கும். ஆள் டாட்டைச் சந்தேகிக்க மாட்டார், தோட்டாவைச் சந்தேகிப்பார். திருகைப் பொருத்திய பின் எக்ஸ்ட்ராக்டர் முன்போலவே அசைந்து கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

திருகுத் தலையிலிருந்து டாட்டின் உடல்வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் திருகு சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் முழுக்க லாக்டைட் காயட்டும்.

டாட்டின் அளவு பற்றி ஓயாமல் சண்டை நடக்கும். 5 எம்ஓஏ (எம்ஓஏ என்பது கோண அளவு) புள்ளி 25 கஜத்தில் சுமார் 3.3 செ.மீ. வட்டத்தை மறைக்கும். ஏ பகுதியின் அகலமோ சுமார் 15 செ.மீ. வேகமாகக் கண்ணில் படும் பெரிய புள்ளியே ஆரம்பத்தில் நல்லது என்பது என் கட்சி.

படி 5: ஜீரோ பார்ப்பது (டாட் காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்வது)

25 கஜம், மேசைமேல் மணல் மூட்டை, மேட்சில் சுடப்போகும் அதே தோட்டா. ஐந்து குண்டு சுட்டு, கூட்டத்தின் நடுப்புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். 25 கஜத்தில் 1 எம்ஓஏ என்பது சுமார் 6.6 மில்லிமீட்டர். ஆர்எம்ஆர், எஸ்ஆர்ஓ இரண்டிலும் ஒரு கிளிக் 1 எம்ஓஏ. கூட்டம் 10 செ.மீ. கீழே இருந்தால் 15 கிளிக் மேலே. மறுபடி ஐந்து குண்டு. தனியாகத் தெறித்துப்போன ஒரு குண்டைப் பார்த்து டாட்டைத் திருப்பிக்கொண்டிருக்காதீர்கள்.

படி 6: பிடி

பிடியைச் சுற்றி ஒட்டும் கரகரப்பான டேப் மலிவு, பலனோ பெரிது. வியர்வையில் கை வழுக்கினால் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் பிடியை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். டெக்சஸ் ஜூலை வெயிலில் சுட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சூடான கம்பியால் பிளாஸ்டிக்கைக் குத்தி எடுக்கும் ஸ்டிப்ளிங்கை ஒரு வருடம் கழித்து யோசியுங்கள். டேப்பைப் பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம், ஸ்டிப்ளிங்கை உரிக்க முடியாது.

படி 7: டிரிகர், ஒருவழியாக

கிளாக் 17-இன் தொழிற்சாலை டிரிகரை அழுத்தச் சுமார் 5.5 பவுண்டு விசை வேண்டும். கனம்தான், மறுக்கவில்லை. மைனஸ் குறி போட்ட கிளாக் கனெக்டர் (டிரிகரின் கனத்தைத் தீர்மானிக்கும் சிறு தகடு) ஒன்றைப் போட்டால் ஒரு பவுண்டு அளவுக்குக் குறையும், விலையும் குறைவு. தயாரிப்பாளர் சொன்னபடி பாகத்தை எடுத்துப் பாகத்தைப் போடும் வேலை மட்டுமே புதியவருடையது. இதற்குமேல் தேவையில்லை என்பேன்.

தேய்ப்பது, வெட்டுவது, வளைப்பது எதையும் வீட்டில் செய்யாதீர்கள். ஸ்டிரைக்கரை (தோட்டாவை அடிக்கும் ஊசி) தடுத்து நிறுத்தும் பாதுகாப்புக் கட்டை, டிரிகர் பாரின் பின்முனை, இரண்டும் கீழே விழுந்தால் வெடிக்காமல் காப்பவை. அவற்றில் கைவைக்கும் வேலை தகுதி பெற்ற கன்ஸ்மித்துடையது. இந்த விளையாட்டில் எதிர்பாராமல் ஒரு குண்டு வெடித்தால் அன்றைக்கு நேராக வீட்டுக்குத்தான். ஆளுக்குக் காயம் இல்லாமல் இருந்தால் அதுவே பெரிய அதிர்ஷ்டம்.

மெலிந்த ஸ்டிரைக்கர் ஸ்பிரிங் போட்டால் டிரிகர் இன்னும் லேசாகும், உண்மைதான். ஆனால் பிரைமரை (தோட்டாவின் அடியில் அடிபட்டு வெடிக்கும் சிறு மூடி) அடிக்கும் அடியும் லேசாகும். ஃபெடரல் பிரைமர் மென்மை, வெடித்துவிடும். சிசிஐ கடினம், சில நேரம் வெறும் 'டிக்' சத்தம்தான் வரும். ஆரம்பத்தில் போட்ட ஹிட் ஃபேக்டர் கணக்கை இன்னொரு முறை பாருங்கள்.

படி 8: தோட்டாவும் ரீகாயில் ஸ்பிரிங்கும்

பவர் ஃபேக்டர் என்பது குண்டின் எடையை (கிரெய்ன்) வேகத்தால் (நொடிக்கு அடி) பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. மைனருக்குக் குறைந்தபட்சம் 125. 147 கிரெய்ன் குண்டு 900 அடி வேகத்தில் போனால் 132. 115 கிரெய்ன் 1150 அடியில் போனாலும் அதே 132தான். எண் ஒன்றாக இருந்தாலும், கனமான குண்டின் உதைப்பு மெதுவாகத் தள்ளுவதுபோல் இருக்கும் என்று பலர் அதை விரும்புகிறார்கள். 125-ஐ ஒட்டிப் போகாதீர்கள். பெரிய மேட்சில் குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) அளந்து 124 வந்தால் சுட்டது எதற்கும் மதிப்பெண் இல்லை.

மூன்றாம் தலைமுறை கிளாக்கின் ரீகாயில் ஸ்பிரிங் (சுட்ட பின் ஸ்லைடைத் திரும்ப மூடுவது) 17 பவுண்டு. மென்மையான தோட்டாவுக்கு 15, 13 என்று இறங்குவோர் உண்டு. ஸ்லைடு மூடும்போது முனை கீழே குத்துவது குறையும். அதிகம் இறங்கினால் ஸ்லைடு முழுவதும் மூடாது. இதைச் சோதிக்க, காலி என்று உறுதிசெய்த துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடித்து, டிரிகரை அழுத்தியபடியே ஸ்லைடை இழுத்து மெதுவாக விடுங்கள். முழுவதும் மூடாமல் நின்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது.

படி 9: சோதனை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொன்றுக்குப் பிறகும், மேட்சுக்குக் கொண்டுபோகும் எல்லா மேகசினையும் நிரப்பி, குறைந்தது இருநூறு குண்டு சிக்காமல் ஓட வேண்டும். சிக்கினால் கடைசியாக மாற்றியதைக் கழற்றுங்கள். மேட்சுக்கு முந்தைய வாரம் எதையும் மாற்றாதீர்கள்.

பையில் மாற்று பேட்டரி, டாட்டின் திருகுக்கான சாவி, கழற்றிய பழைய பாகங்கள், பெயிண்ட் பேனா இவ்வளவும் இருக்கட்டும். ரேஞ்சில் துப்பாக்கியைத் தொட்டுச் சரிசெய்ய 'சேஃப்டி ஏரியா' என்று ஒரு மேசை உண்டு. அங்கே தோட்டா, டம்மி தோட்டா உட்பட எதையும் கையில் எடுக்கக் கூடாது. அந்த மேசையைத் தவிர வேறெங்கும், ரேஞ்ச் ஆபீசர் 'மேக் ரெடி' (தயாராகுங்கள்) சொல்லும்வரை, துப்பாக்கி உறையைவிட்டு வெளியே வரக் கூடாது. சுடும்போது குழல் 180 டிகிரி கோட்டைத் தாண்டிப் பின்னால் திரும்பினால் உடனடித் தகுதி நீக்கம். மேட்சுக்குப் பெயர் கொடுக்கும் பிராக்டிஸ்கோர் தளத்தில் பதிவுசெய்துவிட்டு, மேட்ச் அன்று காலையில் ஸ்குவாடில் (சேர்ந்து சுற்றும் குழு) இருப்பவர்களிடம் முதல் மேட்ச் என்று சொல்லிவிடுங்கள். யாராவது ஒருவர் கூடவே நின்று பார்த்துக்கொள்வார்.