“படம் சுத்தம்” என்றேன்: கால் எடுத்த நாய்க்குக் கீமோ முடிவு செய்யும்போது நடக்கும் தவறுகள்

போன வாரம் பக்கத்து அறையில் ஓர் இளம் மருத்துவர் திரையில் எக்ஸ்ரேயைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு கணவன், மனைவி. அவர்களுக்கு நடுவில், எலும்புப் புற்றுநோய்க்காகக் கால் எடுத்து நான்கு நாள்கூட ஆகாத கிரேட் டேன் ஒன்று மூன்று காலில் நின்று வாலாட்டிக்கொண்டிருந்தது. “நுரையீரல் சுத்தமா இருக்கு. கீமோவுக்கு இப்போ அவசரமில்லை. மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுப்போம், ஏதாவது தெரிஞ்சா அப்போ பார்த்துக்கலாம்” என்றார். இருவர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன்னால் வார்த்தை மாறாமல் நான் சொன்னதும் இதுதான்.

அவர்களை மறுபடி உட்காரவைத்துப் பேசினோம். வீட்டுக்குப் போயும் அந்த “அப்போ பார்த்துக்கலாம்” காதிலேயே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். மனிதர்களுக்கான வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள், புண்ணை நக்கவிடாதீர்கள் என்பதையெல்லாம் உங்கள் மருத்துவரே சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடுத்த காலைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் முடிவெடுப்பது

பெரிய நாய், முழங்காலுக்குப் பக்கத்தில் எலும்பு அரித்த மாதிரி எக்ஸ்ரே. பார்த்ததும் ஆஸ்டியோசார்கோமா என்று சொல்லிவிடுவோம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நாய்களுக்கு எலும்பிலேயே உருவாகும் புற்றுநோய்களில் சுமார் 85 சதவீதம் அதுதான். ஆனால் மிச்சம் 15 சதவீதம் இருக்கிறதே! காண்ட்ரோசார்கோமா என்ற குருத்தெலும்புக் கட்டியாக இருந்தால், காலை எடுத்ததோடு பல நாய்கள் வருடக்கணக்கில் நன்றாக இருக்கும். கீமோ வழக்கமாகத் தேவைப்படாது. இரத்தக்குழாய்ச் செல்களில் இருந்து வரும் ஹெமாஞ்சியோசார்கோமாவாக இருந்தால் கீமோ மருந்தே வேறு.

எலும்பில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்த பிறகுதான் அதை மெல்லிய சீவலாக வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியும். அதனால் முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். தையல் பிரிக்கவும் அவ்வளவு நாள்தான். ஆக, இதில் நேரம் எதுவும் வீணாவதில்லை. காலோடு வரும் நிணநீர்க்கணுவையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் நோய் இருப்பது அபூர்வம். இருந்துவிட்டால் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

“பொறுத்திருந்து பார்ப்போம்”

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அப்போது நான் தொழிலுக்கு வந்து இரண்டு வருடம். மணி என்று ஒரு ராட்வீலர், எட்டு வயது, இடது பின்னங்காலில் தொடை எலும்பின் கீழ்ப்பகுதியில் கட்டி. மூத்த அறுவை மருத்துவர் காலை எடுத்தார். மூன்றாம் நாளே மணி வராந்தாவில் ஓடியது. அதை வளர்த்தவர் ஓய்வுபெற்ற மனிதர், எதையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்பவர். தையல் பிரித்த அன்று கேட்டார்: “அடுத்து கீமோ ஏதாவது வேணுமா டாக்டர்?”

நான் எக்ஸ்ரேயைக் காட்டினேன். நுரையீரலில் ஒன்றும் இல்லை. “படம் சுத்தமா இருக்கு சார். மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பாடத்தில் படித்தது எனக்குத் தெரியாமல் இல்லை. அதுவரை நான் தனியாகக் கீமோ ஏற்றியதில்லை. பயம். அவருக்கும் கீமோ என்றால் பயம். இரண்டு பயந்த மனிதர்களுக்கு நடுவில் ஒரு சுத்தமான எக்ஸ்ரே கிடைத்தது. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டோம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஆஸ்டியோசார்கோமா கண்டுபிடிக்கப்படும் நாளில் எக்ஸ்ரேயில் நுரையீரல் பரவல் தெரிவது பத்தில் ஒன்று, ஒன்றரை நாய்க்குத்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில் செல்கள் ஏற்கெனவே இரத்தம் வழியாகப் போய் உட்கார்ந்திருப்பது சுமார் 90 சதவீத நாய்களில். காலை எடுத்ததும் வலி போய்விடுகிறது. தாய்க்கட்டி போய்விடுகிறது. நாயைக் கொல்லப்போவது அந்தக் கட்டி இல்லை. அது முன்கூட்டியே விதைத்துவிட்டுப் போனது. காலை மட்டும் எடுத்து நிறுத்திக்கொண்ட நாய்களில் பாதி நான்கைந்து மாதங்களுக்குள் இறந்துவிடுவது இதனால்தான்.

எக்ஸ்ரே இதைக் காட்டாது. நுரையீரல் கட்டி அரை சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் அதில் நம்பிக்கையாகத் தெரியும். சி.டி. ஸ்கேன் ஓரிரு மில்லிமீட்டர் வரை பிடிக்கும், அதற்குக் கீழே அதற்கும் கண் தெரியாது. ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. எனவே “படம் சுத்தம்” என்றால் “படத்தில் தெரியும் அளவுக்கு இன்னும் வளரவில்லை” என்று மட்டுமே பொருள். இதைத் தெரிந்துகொண்டே அந்தச் சொல்லை நான் வேறு பொருளில் விற்றேன்.

சரி, தெரிந்த பிறகு கீமோ கொடுத்தால் என்ன? அங்கேதான் வாசல் மூடியிருக்கும். கீமோ மருந்து, வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்களைத்தான் அதிகம் கொல்லும். சில ஆயிரம் செல்கள் கொண்ட குட்டிக் கூட்டத்தில் பெரும்பாலானவை பிரிந்துகொண்டிருக்கும், மருந்தும் எல்லாவற்றையும் எட்டும். அதே கூட்டம் கட்டியாக வளர்ந்துவிட்டால் உள்ளே இருப்பவை பாதி உறக்கத்தில் இருக்கும், இரத்த ஓட்டம் குறையும், மருந்துக்கு அசையாத செல்களும் உருவாகியிருக்கும். 1993இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணுக்குத் தெரியும் பரவல் இருந்த 45 நாய்களுக்குக் கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி ஓரளவாவது சுருங்கியது ஒரே ஒரு நாய்க்கு.

மணிக்கு மூன்றாம் மாதம் எடுத்த படத்தில் ஏழு வட்ட நிழல்கள். அதுவரை இருமல்கூட இல்லை. தட்டை நக்கித் துடைத்துக்கொண்டிருந்த நாய் கொஞ்சம் மிச்சம் வைக்க ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான். அவர் நோட்டைத் திறந்து, “இப்போ ஆரம்பிச்சிடலாமா டாக்டர்?” என்றார். இரண்டு முறை ஏற்றினேன். ஒரு நிழலும் சுருங்கவில்லை. இரண்டு மாதம் முடியும் முன் மணி போய்விட்டது.

அன்றே தொடங்கியிருந்தால் மணி பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. யாராலும் சொல்ல முடியாது. என்னைக் குடைவது வேறு. அந்த மூன்று மாதமும் அவர் தன் கையில் ஒரு வழி மிச்சமிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார். அந்த வழியை நான் முதல் நாளே அடைத்துவிட்டேன், அதையும் அவரிடம் சொல்லவில்லை. “அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார் கடைசியில். குரலை உயர்த்தக்கூட இல்லை.

எனவே, கீமோ வேண்டும் என்றால் அதற்குத் தேதி இருக்கிறது. வழக்கமாகத் தையல் பிரிக்கும் 10–14 நாட்களில் முதல் டோஸ். கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து என்றால் மூன்று வாரத்துக்கு ஒன்று, நான்கு முதல் ஆறு தடவை. வேண்டாம் என்றால் அதுவும் முடிவுதான், கீழே சொல்கிறேன். “மூன்று மாதம் கழித்து” என்பதை மட்டும் தள்ளிப்போடுவதாக நினைக்காதீர்கள். அதைச் சொல்லும்போதே “வேண்டாம்” என்று சொல்லிவிடுகிறீர்கள்.

பத்து மாதம் என்றால் பத்தாவது மாதம் என்று படிப்பது

கீமோ சேர்த்தால் பத்து மாதத்திலிருந்து ஒரு வருடம் என்று மருத்துவர் சொல்வார். வீட்டில் காலண்டரில் வட்டம் போட்டுவிடுவார்கள். அது கெடு இல்லை, நடுக்கோடு. பாதி நாய்கள் அதற்கு முன்னால் போகும், பாதி அதைத் தாண்டும். காலை மட்டும் எடுத்தால் ஒரு வருடத்தைத் தாண்டுவது சுமார் பத்தில் ஒரு நாய். கீமோவும் சேர்ந்தால் பாதிக்குச் சற்றுக் குறைய. இரண்டு வருடத்தை எட்டுவது அதிகபட்சம் ஐந்தில் ஒன்று. குணமாகிவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் நாய் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் சில அறிகுறிகள் உண்டு. அறுவைக்கு முந்தைய இரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவு கூடியிருந்தாலும், கட்டி முன்னங்காலில் தோள்பட்டைக்குப் பக்கத்தில் இருந்தாலும், நாட்கள் குறைவாகவே இருக்கும். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மனிதர் படும் பாட்டை நாய் மேல் ஏற்றுவது

“எங்க அக்கா கீமோல பட்ட பாட்டைப் பார்த்தவ நான், இந்த வாயில்லா ஜீவனுக்கு வேண்டாம்” என்று அழுதவர்கள் பலர். அவர்கள் பார்த்தது உண்மை. ஆனால் நாய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, நோக்கமும் வேறு. நல்ல நாட்களைக் கூட்டுவதுதான் குறிக்கோள், எனவே தாங்கக்கூடிய அளவில்தான் கொடுப்போம். பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றிரண்டு நாள் சோர்வு, கொஞ்சம் வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு. வாந்திக்கு மாரோபிடன்ட் மாத்திரையை முன்கூட்டியே கையில் கொடுத்தனுப்புவோம். முடி கொட்டாது, பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்கள்தான் விலக்கு. மீசை முடி உதிரலாம், நாய் அதற்குக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வாரத்தில் அசந்துவிடுவது

ஏற்றிய அன்று இரவெல்லாம் விழித்திருப்பார்கள். மூன்றாம் நாள் நன்றாகச் சாப்பிட்டதும் “தாங்கிக்கிச்சு” என்று தெர்மாமீட்டரை எடுத்து வைத்துவிடுவார்கள். கார்போபிளாட்டினில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குவது ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள். ஆபத்து அப்போதுதான். நாயின் இயல்பான உடல் வெப்பம் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகும். அந்த நாட்களில் 103.5 காட்டினால், நாய் படுத்தே கிடந்தால், காலை வரை காத்திருக்க வேண்டாம். நடு இரவானாலும் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. ஏற்றிய பிறகு மூன்று நாளைக்கு மூத்திரம், மலம், வாந்தி எதுவானாலும் கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதன் பக்கம் போகக்கூடாது.

பாவம் பார்த்து டோஸைக் குறைக்கச் சொல்வது

சொல்லாதீர்கள். பக்க விளைவு வந்தால் நாங்களே குறைப்போம்.

இதயத்தைப் பார்க்காமல் டாக்ஸோரூபிசின்

கூடாது. இதுவும் ஒரு கீமோ மருந்துதான், இதயத்தைப் பாதிக்கக்கூடியது. டாபர்மேன், கிரேட் டேன் என்றால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காமல் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

கூடக் கூடச் சேர்ப்பது

கார்போபிளாட்டின் முடிந்ததும் “இத்தோட விட்டுடலாமா?” என்ற பதற்றம் வரும். தினமும் குறைந்த அளவில் சைக்ளோபாஸ்பமைடு, டோசெரனிப் மாத்திரை, ராபமைசின் என்று இந்த இடத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கார்போபிளாட்டின் மட்டும் வாங்கிய நாய்களைவிட இவற்றையும் வாங்கியவை அதிக நாள் வாழவில்லை. கார்போபிளாட்டினோடு டாக்ஸோரூபிசினை மாற்றி மாற்றிக் கொடுத்த முறையும் தனிக் கார்போபிளாட்டினை வெல்லவில்லை. அப்புறம் அந்தப் பொடி, இந்தச் சத்து மாத்திரை. வாங்கியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். திட்ட மாட்டேன், எதோடு எது மோதும் என்று பார்க்க வேண்டும்.

எடை ஏறவிடுவது

மூன்று கால். அவ்வளவுதான் சொல்வேன்.

“வேண்டாம்” என்று சொல்ல வெட்கப்படுவது

பதினொரு வயது லாப்ரடார் ஒன்று. ஆஸ்பத்திரி வாசல்படியிலேயே நடுங்கும், தூக்கித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். அதன் அம்மா (வளர்ப்பவர் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்) நான் சொன்ன எண்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நான்கைந்து மாதம் என்பதைத் திரும்ப ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, “வேண்டாம் டாக்டர். ஆறு தடவை இந்த நடுக்கத்தை நான் பார்க்க மாட்டேன். இருக்கிற நாள் வீட்டுலயே இருக்கட்டும்” என்றார்.

அவரை நான் வற்புறுத்தவில்லை. காலை எடுத்ததே பெரிய வைத்தியம்தான், அந்த எலும்பு வலியோடு ஒப்பிட வேறெதுவும் இல்லை. வேண்டாம் என்று முடிவானால் திட்டமும் மாறும். மாதாமாதம் எக்ஸ்ரே எடுத்து நெஞ்சு பதைக்கத் தேவையில்லை. பார்த்து எதையும் மாற்றப்போவதில்லை என்றால் எதற்குப் படம்? மூச்சு வாங்குகிறதா, சாப்பாடு குறைகிறதா என்று கவனித்தால் போதும். சில நாய்களுக்கு நுரையீரல் பரவலின்போது இருமலுக்கு முன்பே மிச்சக் கால்கள் வீங்கும், அதையும் சொல்லி வைத்தேன். ஆறரை மாதம் இருந்தது. கடைசி நாளன்று வீட்டுக்கு நான்தான் போனேன், அதனால் அது நடுங்கவில்லை.

அந்தக் கிரேட் டேனை வளர்ப்பவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. எக்கோ எடுத்தாகிவிட்டது. காலின் பயாப்ஸி முடிவு வரவேண்டும். வியாழக்கிழமை தையல் பிரிக்க வருகிறார்கள். அந்த இளம் மருத்துவரையே பேசச் சொல்லியிருக்கிறேன், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.