ஹோரஸ் மான் கடிதங்களைப் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

1837இல் நன்றாக நடந்துகொண்டிருந்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் புதிதாக அமைந்த கல்வி வாரியத்தின் செயலாளரானார் ஹோரஸ் மான். இனி அடுத்த தலைமுறைதான் என் கட்சிக்காரர் என்று அப்போது ஒரு கடிதத்தில் எழுதினார். எத்தனை முறை படித்தாலும் நெஞ்சைத் தொடும் வரி அது. அந்த வேகத்திலேயே பலர், அமெரிக்காவில் பொதுப்பள்ளியைத் தொடங்கியவரே இவர்தான் என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும் என்ற சட்டம் மாசசூசெட்ஸில் 1647லேயே வந்துவிட்டது. ஊருக்கு ஊர் தனித்தனியாகக் கிடந்த பள்ளிகளை ஒரே மாநிலத்தின் பொறுப்பாக மக்களை நினைக்க வைத்ததுதான் மானின் உழைப்பு.

அந்த வாரியத்துக்கு ஊர்ப் பள்ளிகளுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. தகவல் திரட்டலாம், அறிக்கை எழுதலாம், ஊர் ஊராகப் போய்ப் பேசலாம், அவ்வளவுதான். அப்படியிருக்க, அவருடைய கடிதங்களை அதிகாரியின் கட்டளைகளைப் போலப் படித்தால் எல்லாமே தலைகீழாகிவிடும். 1840இல் வாரியத்தையே கலைக்கச் சட்டமன்றத்தில் முயற்சி நடந்தது. 1839இல் லெக்சிங்டனில் அவர் ஆசைப்பட்டுத் திறந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு முதல் நாள் வந்தவர்கள் மூன்றே பெண்கள். அந்தக் கவலைகளோடு வாழ்ந்த மனிதர் எழுதியவை இவை.

அடுத்தது, யாருக்கு எழுதினார் என்று பார்க்காமல் மேற்கோள் எடுப்பது. ஸ்காட்லாந்து நண்பர் ஜார்ஜ் கோம்புக்கு எழுதியவற்றில் மனம் திறந்து பேசுவார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைப் பார்த்துக் குணம் சொல்லும் கோம்பின் கொள்கையை மான் உண்மையிலேயே நம்பினார். தன் ஒரு மகனுக்குக் கோம்பின் பெயரையே வைத்தார். இன்று சங்கடமாக இருக்கிறது என்று அதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் இயல்பைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்ற அவருடைய நம்பிக்கைக்கு அதுவும் ஒரு வேர்.

அப்புறம், 1865இல் அவர் மனைவி மேரி வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் உள்ள கடிதங்களே முழுமையானவை என்று எண்ணிவிடாதீர்கள். அன்புள்ள ஒருவர் தேர்ந்தெடுத்த பகுதிகள் அவை. கையெழுத்துப் படிகள் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. எடுத்தாளும் வரி எதிலிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். மனிதகுலத்துக்காக ஒரு வெற்றியாவது பெறாமல் சாக வெட்கப்படுங்கள் என்ற புகழ்பெற்ற வரி கடிதத்தில் வருவது அல்ல. 1859இல், தான் தலைவராக இருந்த ஆன்டியாக் கல்லூரியின் மாணவர்களிடம் பேசியது. கட்டாயக் கல்விச் சட்டத்தையும் அவர் கணக்கில் சேர்க்கிறார்கள். அது வந்தது 1852இல். அவர் பதவியை விட்டது 1848இல்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, மானின் எல்லோருக்குமான பள்ளி என்ற சொல்லை அப்படியே நம்பிக் கடந்துபோவது. அதே பாஸ்டனில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிதான். சாரா ராபர்ட்ஸ் என்ற சிறுமி வெள்ளையர் பள்ளிகள் ஐந்தைத் தாண்டி நடந்துதான் தன் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அவள் தந்தை வழக்குப் போட்டார், தோற்றார். அந்தப் பிரிவினையைத் தடைசெய்யும் சட்டம் 1855இல்தான் வந்தது.