ஊருக்குப் போனால் தெருவோரத்தையும் பாருங்கள்: யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களின் நாட்கள் அநேகமாக ஒரே மாதிரித்தான் கழிகின்றன. நல்லூர்க் கோயில், கோட்டை, பொது நூலகம், ஐஸ்கிரீம் கடை, சொந்தக்காரர் வீடுகளில் விருந்து. அப்புறம் ஒரு வான் பிடித்து நுவரெலியா, கண்டி. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் கனடாவிலோ லண்டனிலோ பிறந்த பிள்ளைகளுக்கு நமது ஊர் எப்படி வாழ்ந்தது என்று காட்ட வேண்டுமென்றால், குடாநாட்டுத் தெருக்களுக்கும் ஒழுங்கைகளுக்கும் இரண்டு மூன்று நாளாவது ஒதுக்குங்கள். அங்கே டிக்கெட் இல்லை, வரிசையும் இல்லை. பல இடங்களில் ஒரு பெயர்ப் பலகைகூட இருக்காது. முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காக நம்முடைய ஆட்கள் கட்டிவைத்த பொருட்கள் மட்டும் அப்படியே நிற்கும்.

முதலில் சுமைதாங்கிக் கல்லைத் தேடுங்கள். இரண்டு கல் நிமிர்ந்து நிற்கும், மேலே ஒரு கல் குறுக்கே படுத்திருக்கும். அவ்வளவுதான். தோட்டத்துப் புகையிலையும் மரக்கறியும் சந்தைக்குத் தலைச்சுமையாகப் போன காலத்தில், சுமையை இறக்கவும் திரும்பத் தூக்கிவிடவும் இன்னொரு ஆள் வேண்டும். தனியாக நடப்பவனுக்கு அந்த ஆள் இந்தக் கல்தான். ஒருவர் துணையில்லாமல் தலையிலிருந்து அப்படியே சரித்து வைக்கிற உயரத்தில் அதை நிறுத்தியிருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது நம்மிடையே இருந்த வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக, ஊரார் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். கிட்டப் போய்ப் பார்த்தால் சிலவற்றில் பெயரோ ஆண்டோ வெட்டியிருப்பது தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து நன்றாகப் பிடிபடும்.

சுமைதாங்கி இருக்கிற இடத்தில் சுற்றிலும் பாருங்கள். ஒரு கேணி, வழிப்போக்கர் தங்கி இளைப்பாற ஒரு மடம், நிழலுக்கு ஒரு மரம், பக்கத்தில் தனியாக நிற்கும் ஒரு தூண் என்று சேர்ந்தே இருந்திருக்கும். அந்தத் தூண்தான் ஆவுரஞ்சிக்கல். தண்ணீர் குடிக்க வந்த மாடு கழுத்தையும் முதுகையும் தேய்த்துக்கொள்ள நட்டது. கையை வைத்துத் தடவிப் பாருங்கள்: மாட்டின் கழுத்து படுகிற உயரத்தில் வழவழப்பாகவும், அதற்குக் கீழே சொரசொரப்பாகவும் இருக்கும். மாட்டுக்குச் சொறிய ஒரு கல் வேண்டும் என்று யோசித்த ஊர் இது. இதைப் பிள்ளைகளுக்கு நின்று நிதானமாகச் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் தொலைபேசி வரைபடத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வீதி அகலிப்பில் போனவையும் உண்டு, பிடுங்கி மதிலோரம் சாய்த்து வைத்தவையும் உண்டு. பழைய கோயில்களை அண்டிய தெருக்களில் மெதுவாகச் சைக்கிளில் போவதுதான் நல்ல வழி. தேநீர்க் கடையில் இருக்கும் வயதானவரிடம் "ஐயா, இந்தப் பக்கம் சுமைதாங்கி, ஆவுரஞ்சி ஏதும் இருக்கோ?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன்னால் "நீங்கள் ஆற்றை பிள்ளை?", அதாவது யாருடைய பிள்ளை, என்ற கேள்வி வரும். அதற்குத் தயாராக அம்மப்பா, அப்பப்பாவின் பெயரையும் குறிச்சியையும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். அந்தப் பெயர் தெரிந்துவிட்டால் ஐயா தானே எழுந்து வந்து இடத்தைக் காட்டுவார்.

பருத்தித்துறைக்குப் போகாமல் திரும்ப வேண்டாம். நகரிலிருந்து தும்பளைக்குப் போகும் வீதியில் தெருமூடி மடம் இருக்கிறது. பெயர் சொல்வது போலவே தெருவை மூடி நிற்கும் மடம். கற்றூண்கள் மேல் கூரை, நடுவே வீதி, இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணை. சைக்கிளும் ஆட்டோவும் அதற்குள்ளாலேயே போய்வருகின்றன. மத்தியான வெயிலில் போங்கள். வெளியே கண்கூசும் வெளிச்சம்; உள்ளே கால் வைத்தவுடன் கல்லின் குளிர்ச்சியும், கடற்கரைப் பக்கமிருந்து வரும் காற்றும். பத்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்தால் போதும், மடம் எதற்கு என்று யாரும் விளக்கத் தேவையில்லை. படம் எடுக்கிறவர்கள் வீதியின் நடுவில் நிற்காதீர்கள், வாகனம் ஓயாமல் வரும்.

பருத்தித்துறை வடை ஒரு பை வாங்கிக்கொண்டு அப்படியே சக்கோட்டை முனைக்குப் போகலாம். இலங்கையின் வடக்கு எல்லை அதுதான். மேற்கே கரையோரமாக வந்தால் வல்வெட்டித்துறை. இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கடலைப் பார்த்தபடி இந்தக் கதையைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இனி வீடுகள். நல்லூரில் ஒரு காலை நேரம் போதும், நடந்தே பார்க்கலாம். பருத்தித்துறை வீதியில் சங்கிலியன் தோப்பு வளைவு, கொஞ்சம் தள்ளி மந்திரி மனை, சட்டநாதர் கோயில், ‘ப’ வடிவத்தில் வெட்டிய யமுனா ஏரி. 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண அரசின் தலைநகரம் இருந்த இடம் இது. மந்திரி மனையை அரச மந்திரி இருந்த வீடு என்று மக்கள் சொல்வார்கள். இப்போது நிற்கும் கட்டடத்தின் வளைவுகளிலும் மர வேலைப்பாட்டிலும் ஐரோப்பியர் காலத்துக் கைவண்ணம் தெரிகிறது. கட்டடம் மிகவும் நொந்துபோயிருக்கிறது. வெளியே நின்று பாருங்கள், உள்ளே ஏறிப் படமெடுக்க வேண்டாம். இதைவிட நல்ல பராமரிப்பு இந்த வீட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மந்திரியின் வீடு மட்டும் வரலாறு அல்ல. நடுமுற்றம் விட்டு நாலு பக்கமும் தாழ்வாரம் இறக்கிய நாற்சார் வீடுகள் உட்கிராமங்களில் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. வாசலில் கூரை போட்ட படலையும் இரு பக்கத் திண்ணையுமாக ஒரு வளவு கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள்: அதுதான் சங்கடப் படலை. மழைக்கும் வெயிலுக்கும் தெருவில் போகிறவன் ஒதுங்க வீட்டுக்காரர் தன் செலவில் கட்டிய இடம். ஆள் இல்லாத வீடு போலத் தெரிந்தாலும் வளவுக்குள் நுழைய வேண்டாம். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பார், பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். அவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் திறந்து காட்டுவார்கள். உங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒரு வீடு இருந்தால், இடிக்கிற பேச்சு வருமுன் ஒவ்வொரு அறையையும், கதவு நிலையையும், கிணற்றடியையும் படமெடுத்து வையுங்கள்.

இயற்கையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இங்கே கிடையாது. மழைநீர் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, கீழே இருக்கிற கடல்நீரின் மேல் மிதக்கிறது. இதைக் கண்ணால் காட்டும் இடம் புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறு. சுண்ணாம்புக்கல் இடிந்து உண்டான ஆழமான குழி அது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். இராமர் அம்பெய்து உண்டாக்கினார் என்பது ஊர்க்கதை. இறங்கிக் குளிக்க இது இடமல்ல. குளிக்க ஆசையென்றால் கீரிமலைக் கேணிக்குப் போங்கள். அலை அடிக்கிற கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்று, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது வடமராட்சி கிழக்கின் மணற்காடு. சவுக்கு மரங்களுக்கு அப்பால் மணல் குன்று குன்றாகக் கிடக்கிறது. நடுவில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயம், கூரை போய்ச் சுவர் மட்டும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கள், அதற்கு முன் மணலில் கால் வைக்க முடியாது. போகிற வழியில் வல்லிபுர ஆழ்வாரையும் கும்பிட்டுவிடலாம்.

மார்கழி, தை மாதங்களில் போகிறவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. மண்டைதீவுப் பக்கத்துக் கடல்நீரேரியிலும் வல்லை வெளியிலும் பூநாரைகள் வந்திறங்குகிற காலம் அது. விடிகாலையில், தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள்.

நெடுந்தீவுக்கு ஒரு முழு நாள் வேண்டும். புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை வீதியில், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் படகில். தீவில் இறங்கியதும் கண்ணில் படுவது மதில்கள்தான். சாந்து பூசாமல், பவளக்கல்லைக் கல்லின்மேல் கல்லாக அடுக்கியே வளவுகளுக்கு எல்லை கட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டைக் குனிந்து பாருங்கள், கடலுக்குள் அது உயிரோடு இருந்த கோலம் அதில் அப்படியே தெரியும். ஆனால் ஒரு கல்லையும் எடுத்து வராதீர்கள். உள்ளே ஆட்கள் நிற்கிற அளவுக்குப் பொந்து விட்ட பெருக்கு மரம், ஒல்லாந்தர் காலக் கோட்டையின் இடிபாடு, தூதுப் புறாக்கள் வளர்த்த கூண்டு, வெட்டவெளியில் மேயும் மட்டக்குதிரைகள் எல்லாம் ஆட்டோவில் சுற்றினால் அரை நாளில் பார்க்கலாம். வரட்சிக் காலத்தில் குதிரைகளுக்கே தண்ணீர் கிடைப்பது கஷ்டம். அவற்றைத் துரத்திப் படமெடுக்க வேண்டாம், தின்ன எதையும் நீட்டவும் வேண்டாம்.

சில நடைமுறைகள். ஸ்கூட்டி ஓட்ட நினைப்பவர்கள் வெளிநாட்டு லைசென்ஸுக்கு உள்ளூர் அங்கீகாரம் எடுக்க வேண்டும். டிரோனுக்கு முன்கூட்டியே அனுமதி தேவை. முகாம், கடற்படைத் தளம் பக்கம் கமராவை நீட்டாதீர்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கையான சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் வீதியை விட்டு ஒரு அடிகூட இறங்கக் கூடாது. கடல் கொந்தளித்தால் நெடுந்தீவுப் படகு நிற்கும், ஆகவே அந்தப் பயணத்தைக் கடைசி நாளுக்கு வைக்க வேண்டாம். தீவில் இறங்கியவுடனேயே திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீரையும் கையிலேயே கொண்டுபோங்கள்.